நாய்க்குட்டிக்கும் நாற்று வயது உண்டு

தோட்டக் காவலுக்கு ஒரு நாய்க்குட்டி வாங்கும் எண்ணம் உங்களுக்கு இருக்கிறதா? வாங்குவதற்கு முன் எங்கள் தோட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கிணற்று மோட்டாரின் செம்புக் கம்பி அடுத்தடுத்து இரண்டு முறை திருட்டுப் போனது. அப்பா ஒரு ராஜபாளையம் குட்டியை வாங்கி வந்தார். பிறந்து 35 நாள்தான் ஆகியிருந்தது. ‘ஆள் பழகிவிட்டால் காவலுக்கு உதவாது’ என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். நாங்களும் அதை நம்பி, மோட்டார் அறைக்குப் பக்கத்தில் சங்கிலியில் கட்டினோம். தட்டில் சோறு வைப்பதோடு சரி. யாரும் தொட்டதில்லை, வெளியே கூட்டிப் போனதில்லை. உழவியலில் முனைவர் பட்டம் வாங்கிய நானும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன்.

ஒன்பதாவது மாதத்தில் ஒருநாள், கத்தரி பறிக்க வந்த அக்கா மோட்டார் அறைத் திண்ணையில் வைத்திருந்த தூக்குவாளியை எடுக்கப் போனார். நாய் சங்கிலியை அறுத்துக்கொண்டு பாய்ந்து அவர் கையைக் கடித்துவிட்டது. தடுப்பூசிக்கு நான்கு முறை அலைச்சல், பல நாள் கூலி நட்டம், கையில் நிரந்தரத் தழும்பு. மருத்துவமனையில் நான் தலைகுனிந்து நின்றபோது அவர் சொன்னது இது: “அது மேல குத்தம் இல்ல தம்பி. நாங்க யாருன்னே நீங்க அதுக்குக் காட்டலையே.”

அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் சாரம். குட்டிக்கு உலகத்தைக் காட்ட ஒரு வயது இருக்கிறது. அதைத் தவறவிட்டால் பிறகு ஈடுகட்டுவது கடினம்.

மூன்று முதல் பதினான்கு வாரம்

செம்மை நெல் சாகுபடியில் 14 நாள் நாற்றை நடச் சொல்கிறோம். வயது முதிர்ந்த நாற்றை நட்டால் என்ன உரம் போட்டாலும் தூர் கட்டுவது குறைந்துவிடும். நாய்க்குட்டியும் ஏறக்குறைய அப்படித்தான்.

அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் உள்ள ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரு விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து, 1965-ல் முடிவுகளை நூலாக வெளியிட்டார்கள். பிறந்த 3-வது வாரம் தொடங்கி 12 முதல் 14 வாரம் வரை குட்டியின் மனம் திறந்திருக்கிறது என்பது அவர்கள் கண்டவற்றில் முக்கியமானது. அந்தக் காலத்தில் பயமில்லாமல் பார்த்த மனிதர், ஓசை, விலங்கு எல்லாம் அதற்கு ‘நம்மவை’ ஆகின்றன. அப்போது பார்க்காதவை பின்னாளில் ‘ஆபத்து’ ஆகிவிடுகின்றன. பயந்த நாய்க்கு இரண்டே வழி: ஓடும், இல்லாவிட்டால் கடிக்கும். சங்கிலியில் கட்டிய நாய்க்கு ஓடவும் வழியில்லை.

‘எல்லோரிடமும் பழகினால் திருடனிடமும் வாலாட்டுமே’ என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. வேலையாள், பால்காரர், தபால்காரர் இவர்களை அறிந்த நாய்தான், இரவு இரண்டு மணிக்கு வேலியோரம் நடக்கும் காலடி வழக்கமானதல்ல என்று பிரித்தறிந்து குரைக்கும். எதைக் கண்டாலும் பயப்படும் நாய் நாள் முழுக்கக் குரைக்கும். நாளடைவில் அதன் குரலை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். இடத்தைக் காக்கும் குணம் நாய் முதிரும்போது தானாகவே வரும். அதற்காகக் குட்டியை இருட்டில் வளர்க்க வேண்டியதில்லை.

குட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நம் நாட்டு இனங்கள் வெயிலையும் நம் தீனியையும் தாங்குபவை. 2005-ல் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாயினங்களுக்கு வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் ஒன்று ராஜபாளையத்துக்கானது. தெருவில் பிறந்த நாட்டுக் குட்டியும் காவலுக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. சிப்பிப்பாறையும் கன்னியும் வேட்டைக்கு வளர்க்கப்பட்டவை. ஓடுவதைத் துரத்தும் குணம் அவற்றின் இரத்தத்தில் இருக்கிறது. ஆடு, கோழி வைத்திருப்பவர்கள் இதை மனத்தில் வைத்து முடிவெடுங்கள்.

ஏழு வாரம் முடிவதற்குள் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். எட்டு வாரம் என்றால் இன்னும் நல்லது. உடன்பிறப்புகளோடு கட்டிப்புரண்டு விளையாடும்போதுதான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதற்கு வலிக்கும் என்று குட்டி கற்றுக்கொள்கிறது. முன்னதாகப் பிரித்த குட்டிக்கு அந்தப் பாடம் கிடைப்பதில்லை. எங்கள் வீட்டில் நடந்த முதல் தவறு இதுதான்.

தாயைக் கட்டாயம் பாருங்கள். ஆளைக் கண்டதும் நடுங்கிப் பதுங்கும் தாயிடமிருந்து குட்டிகளும் அந்தப் பயத்தைக் கற்றுக்கொள்ளும். வெள்ளை நிற நாய்களில் பிறவிச் செவிடு வருவதுண்டு. ராஜபாளையத்திலும் இது காணப்படுகிறது. குட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். மற்ற குட்டிகள் அருகில் இல்லாதபோது தட்டுங்கள். இல்லாவிட்டால் அவை திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பிவிடும்.

முதலில் தடுப்பூசி

நான் கால்நடை மருத்துவன் அல்ல. எனவே ஊசி, மருந்து விஷயத்தில் உங்கள் ஊர் அரசு கால்நடை மருத்துவர் சொல்வதே முடிவு. பொதுவான முறை இது: 6 முதல் 8 வாரத்தில் பார்வோ, டிஸ்டம்பர் போன்ற நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி, பிறகு 3 முதல் 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை அதே ஊசி, மூன்று மாதம் முடிந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி, அதன்பின் ஆண்டுதோறும் மறு ஊசி. குடற்புழு மருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில்.

இங்கே ஒரு சிக்கல் எழும். ஊசி எல்லாம் முடிவதற்குள் உலகைக் காட்டும் வயதும் முடிந்துவிடும். அதனால் முதல் கூட்டுத் தடுப்பூசி போட்டு ஒரு வாரம் ஆனதும் பழக்கத் தொடங்குங்கள். ஆனால் தெருநாய்கள் கழியும் இடம், சந்தை, குப்பைமேடு ஆகிய இடங்களில் குட்டியைத் தரையில் விடாதீர்கள். பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வெளியே போகும்போது கூடையிலோ கையிலோ தூக்கிச் செல்லுங்கள். உங்கள் சொந்தத் தோட்டத்துக்குள் இறக்கி விடலாம்.

எதை எல்லாம் காட்ட வேண்டும்?

ஒரு தாளில் நான்கு தலைப்பு எழுதிக்கொள்ளுங்கள்.

மனிதர்கள்: பெண்கள், குழந்தைகள், முதியவர்கள், தலைப்பாகை கட்டியவர், ஹெல்மெட் போட்டவர், கைத்தடி ஊன்றியவர், தலையில் புல்கட்டு சுமந்து வருபவர். சுமையோடு வரும் ஆளை நாய் மனிதனாகவே பார்ப்பதில்லை. வேறு ஏதோ உருவம் என்று மிரளும். களையெடுப்பவர்கள், பறிப்பவர்கள் எல்லோரையும் குட்டிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஓசைகள்: மோட்டார், டிராக்டர், விசைத்தெளிப்பான், கதிரடிக்கும் இயந்திரம், இடி, பட்டாசு, கோயில் மேளம்.

விலங்குகள்: மாடு, ஆடு, கோழி, பூனை, தடுப்பூசி போட்ட நல்ல குணமுள்ள பெரிய நாய்.

தரைகள்: சேறு, வரப்பு, சிமெண்டுக் களம், தார்ப்பாய், இரும்புத் தகடு, மரப்பலகை, ஓடும் வாய்க்கால் நீர்.

காட்டும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. நாற்றை வெயிலுக்குப் பழக்குவது போல் படிப்படியாகப் போக வேண்டும். டிராக்டர் ஓடும்போது குட்டியைப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். ஐம்பது அடி தள்ளி நின்று, ஓசை கேட்கும்போது பட்டாணி அளவு வேகவைத்த முட்டையோ கோழி ஈரலோ கொடுங்கள். சாப்பிட்டால் தூரம் சரி. அடுத்த நாள் சில அடி நெருங்கலாம். சாப்பிட மறுத்தால் பயந்திருக்கிறது என்று அர்த்தம், பின்னால் வாருங்கள். வால் கால்களுக்கு இடையில் போவது, காது பின்னுக்கு மடிவது, காரணமில்லாமல் உதட்டை நக்குவது, அடிக்கடி கொட்டாவி விடுவது இவையும் பயத்தின் அடையாளங்கள். தினமும் ஐந்து நிமிடம் வீதம் இரண்டு மூன்று தடவை போதும்.

குழந்தைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. குட்டி தானாக நெருங்கி வரட்டும். குழந்தை அதைத் துரத்துவது, தூக்கிப் போடுவது, சாப்பிடும்போது தட்டில் கைவைப்பது எல்லாம் கூடாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

வரப்பே பயிற்சிக்களம்

அஜிலிட்டி என்று ஒரு விளையாட்டு இருக்கிறது. குதிரைகளுக்கான தடை தாண்டும் போட்டியைப் பார்த்து உருவானது. 1978-ல் லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் இடைவேளை நேரத்தை நிரப்ப முதன்முதலில் நடத்திக் காட்டினார்கள். இன்று உலகெங்கும் நடக்கிறது. நாய் குழாய்க்குள் நுழைந்து, சாய்பலகையில் ஏறி இறங்கி, கம்புகளுக்கு இடையே வளைந்து ஓடி, எஜமானன் குரலுக்கு ஏற்பத் தடைகளைக் கடக்கும்.

விவசாயிக்கு இது எதற்கு? தோட்டத்து நாய் நாள்தோறும் செய்வது இதையேதான். வரப்பில் நடக்க வேண்டும்; வாய்க்கால் தாண்ட வேண்டும்; வேலிச் சந்தில் நுழைய வேண்டும்; கூப்பிட்டதும் திரும்ப வேண்டும். சிறு வயதில் விளையாட்டாகப் பழகிய குட்டி கால் இடறாது. அதைவிட, நம் குரலைக் கவனிக்கக் கற்றுக்கொள்கிறது.

செலவில்லாமல் செய்யலாம். ஒரு அகலப் பலகையைத் தரையிலேயே போட்டு, வழுக்காமல் இருக்க மேலே சாக்கு விரியுங்கள். குட்டி அதன்மேல் நடந்தால் ஒரு துண்டு முட்டை. பழகியதும் இரு முனையிலும் ஒவ்வொரு செங்கல் வையுங்கள். இரு பக்கமும் திறந்த பழைய பிளாஸ்டிக் பீப்பாய் குழாயாகும். பூச்சிமருந்தோ ரசாயனமோ இருந்த பீப்பாய் வேண்டவே வேண்டாம். பீப்பாய் உருளாமல் இரு பக்கமும் கல் வைத்து, ஒரு முனையில் குட்டியை விட்டு மறுமுனையில் நீங்கள் உட்கார்ந்து கூப்பிடுங்கள். ஆறு கம்புகளை இரண்டடி இடைவெளியில் நட்டு, கையில் தீனியோடு வளைந்து வளைந்து நடத்துங்கள். தரையில் கம்புகளைப் பரப்பி அவற்றின்மேல் கால் வைத்து நடக்கச் செய்யுங்கள். பின்னங்கால் எங்கே இருக்கிறது என்று குட்டிக்குத் தெரியவரும். எதற்கும் பிடித்துத் தள்ளவோ கயிற்றால் இழுக்கவோ கூடாது. தானாக வந்தால்தான் பாடம்.

உயரத் தாண்டல் மட்டும் வேண்டாம். வளரும் நாயின் எலும்பு முனைகள் குருத்தாக இருக்கும். பெரிய இனங்களில் அவை கெட்டிப்பட 12 முதல் 18 மாதம் ஆகும். அதற்குள் உயரத்திலிருந்து குதித்தால் காலில் நிரந்தரக் கோணல் வரலாம். பன்னாட்டு அஜிலிட்டிப் போட்டிகளிலேயே 18 மாதம் ஆகாத நாயைச் சேர்ப்பதில்லை. டிராக்டரிலிருந்தும் பைக்கிலிருந்தும் குட்டியைக் குதிக்க விடாமல் தூக்கி இறக்குங்கள்.

நாய்க்கு நம்மைப் போல் உடல் முழுக்க வியர்க்காது. அது மூச்சிரைத்துத்தான் வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும். பயிற்சியைக் காலை வெயில் ஏறுமுன்னும் மாலை வெயில் தாழ்ந்த பின்னும் வையுங்கள். களத்துச் சிமெண்டில் உங்கள் புறங்கையை ஐந்து நொடி வைக்க முடியவில்லை என்றால் குட்டியின் பாதமும் வெந்துபோகும்.

உயிர் காக்கும் சொல்

பத்துக் கட்டளை வேண்டாம். ‘வா’, ‘விடு’, ‘இரு’ ஆகிய மூன்று போதும். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துங்கள்.

இவற்றில் ‘வா’ என்பதே முதன்மை. திறந்த கிணறு, சாலை, பாம்பு, எலிமருந்து வைத்த இடம் எல்லாவற்றிலிருந்தும் குட்டியை மீட்பது அந்தச் சொல்தான். அது வரும் ஒவ்வொரு முறையும் ஏதாவது நல்லது நடக்க வேண்டும். கோழியைத் துரத்திவிட்டு வந்தாலும் அடிக்காதீர்கள். அடித்தால் ‘வந்தால் அடி’ என்பதுதான் அதன் மனத்தில் பதியும். அடுத்த முறை கிணற்று மேட்டில் நின்றுகொண்டு வராது. ‘விடு’ என்பதற்குக் கையில் இருப்பதைவிடச் சுவையான ஒன்றைக் காட்டி மாற்றிக்கொள்ளப் பழக்குங்கள்.

ஆடு, கோழியோடு

துருக்கி போன்ற நாடுகளில் மேய்ப்பர்கள் காவல் நாய்களைக் குட்டியிலிருந்தே செம்மறிப் பட்டியில் வளர்க்கிறார்கள். 1970-களில் அமெரிக்காவின் ஹாம்ப்ஷையர் கல்லூரியைச் சேர்ந்த ரேமண்ட், லோர்னா காப்பிங்கர் தம்பதி அத்தகைய நாய்களைக் கொண்டுவந்து அங்குள்ள பண்ணைகளில் வைத்து ஆராய்ந்தார்கள். இளவயதில் ஆடுகளோடு வளர்ந்த குட்டி ஆட்டைத் தன் கூட்டமாகவே கொள்கிறது.

நீங்களும் எட்டாவது வாரத்திலிருந்து ஆட்டுக்கொட்டகையின் ஒரு மூலையில் தட்டி வைத்துத் தடுத்துக் குட்டியை விடலாம். ஆடுகள் முகர்ந்து பார்க்கட்டும். முட்டும் கிடா, ஈன்ற ஆடு இருந்தால் தள்ளி வையுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் விளையாட்டுப் புத்தியில் ஆட்டின் காதைக் கவ்வுவதும் துரத்துவதும் நடக்கும். அந்தப் பருவத்தில் கண்காணிப்பில்லாமல் ஒன்றாக விடாதீர்கள். முழுப் பொறுப்பை ஒப்படைக்க ஒன்றரை இரண்டு வயது ஆகும்.

முயல், மயில் ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் கீழ் வருபவை. அவற்றின்மேல் நாயை ஏவிப் பிடிப்பது குற்றம். குரைத்து விரட்டிவிட்டு ‘வா’ என்றதும் திரும்பும் நாய்தான் தோட்டத்துக்கு ஏற்றது.

தோட்டத்து ஆபத்துகள்

குட்டி எதையும் வாயில் போடும். துத்தநாகப் பாஸ்பைடு கலந்த எலி உணவு, குருணை மருந்து, விதைநேர்த்தி செய்த விதை, மருந்து கலக்கிய வாளித் தண்ணீர் இவை எட்டாத உயரத்தில் பூட்டி இருக்கட்டும். எலிமருந்து தின்று செத்த எலியைத் தின்றாலும் ஆபத்து. மருந்து தெளித்த வயலில் ஈரம் காயும் வரை குட்டியை விடாதீர்கள். விஷம் தின்றதாகச் சந்தேகம் வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல், மருந்துப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். வாரம் ஒருமுறை காது மடல், விரலிடுக்குகளில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இப்படித் தொட்டுப் பார்ப்பதே குட்டிக்கு ஒரு பழக்கம். பின்னால் ஊசி போடும்போது திமிறாது.

கடித்துவிட்டால்

‘குட்டிதானே, பல்தான் பட்டது’ என்று எண்ணாதீர்கள். மூன்று மாதம் ஆகாத, ஊசி போடாத குட்டியிடமிருந்தும் வெறிநோய் வரலாம். கடித்த, பிராண்டிய இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்க வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்லுங்கள். தோலில் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28-ம் நாட்கள் என நான்கு தவணை. இரத்தம் வந்த காயத்துக்கு எதிர்ப்புப் புரத ஊசியும் தேவைப்படும். ஒரு தவணையையும் விடக் கூடாது. வெறிநோயின் அறிகுறி தோன்றிய பிறகு காப்பாற்ற வழியில்லை. விரிவாக்கப் பணியாளர்கள் கிராமக் கூட்டங்களில் உரம், விதை பேசும்போது இதையும் இரண்டு நிமிடம் சொன்னால் ஓர் உயிர் தப்பும்.

எங்கள் தோட்டத்தில் இன்று

அந்த முதல் நாய் இன்னும் இருக்கிறது. சங்கிலியை எடுத்துவிட்டு வேலிக்குள் இடம் ஒதுக்கினோம். மாதக்கணக்கில் பொறுமையாகப் பழக்கியதில் அப்பாவிடமும் என்னிடமும் நெருங்கி வருகிறது. மற்றவர்களிடம் இன்றுவரை நடுக்கம்தான். போன வயது போனதுதான்.

அடுத்து ஒரு நாட்டுக் குட்டியை எட்டு வாரம் முடிந்தபின் கொண்டுவந்தோம். கொண்டுவந்த முதல் நாளே கத்தரி பறிக்கும் அக்காவிடம் சென்று, “நீங்கதான் இதுக்கு முதல்ல சாப்பாடு வைக்கணும்” என்றேன். தழும்புள்ள கையை அவர் உடனே நீட்டவில்லை. சற்று நேரம் யோசித்துவிட்டு, முட்டைத் துண்டைத் தரையில் வைத்துத் தள்ளி நின்றார். மூன்றாம் நாள் கையில் வைத்துக் கொடுத்தார். இப்போது அந்த நாய் பகலில் அவர் தூக்குவாளிக்குப் பக்கத்தில்தான் படுக்கிறது. இரவில் வேலியோரம் அன்னியர் காலடி கேட்டால் அதன் குரல் பக்கத்துத் தோட்டம் வரை கேட்கிறது. அது வந்த பிறகு மோட்டார்க் கம்பி திருட்டுப் போகவில்லை.

நீங்களும் குட்டி வாங்கினால், சங்கிலி வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் உங்கள் தோட்டத்தில் வேலை செய்பவர்களைக் கூப்பிடுங்கள். ஆளுக்கொரு துண்டு முட்டை அவர்கள் கையால் கொடுக்கச் சொல்லுங்கள். பயிற்சி அன்றே தொடங்கிவிடும்.